வலைப் போக்குவரத்தைத் தடுக்கும் தீநிரல்களை இனங்காணும் முறைகள்: ஒரகடம் – சுங்குவார்சத்திரம் தொழில்வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கணினி ஒன்றின் வலைப் போக்குவரத்து தடைப்படும்போது அத்தடைக்கு உரிய நிரலை எவ்வாறு இனங்காண்பது என்பது 1988ஆம் ஆண்டு முதல் கணினிப் பாதுகாப்புத் துறையின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றாக இருந்து வருகிறது. மாரிசு புழு, சிலாமர், கான்ஃபிக்கர், வான்னாக்ரை ஆகிய நிகழ்வுகளின் வழியே இனங்காணும் முறைகள் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. 2017 மே மாதத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம் மகிழுந்து ஆலையையும் எட்டிய வான்னாக்ரை பரவல் இக்கட்டுரையின் மையச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. தடை என்பது நோயின் அறிகுறியாக மட்டுமன்றிக் காப்பின் விளைவாகவும் இருக்கக்கூடும் என்பதும், அவ்விரண்டையும் வேறுபடுத்தும் திறனே தொழிலகங்களுக்கு இன்றியமையாதது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தீநிரல், கணினிப் புழு, வலைப் போக்குவரத்து, வான்னாக்ரை, கான்ஃபிக்கர், ஒரகடம், சுங்குவார்சத்திரம்.

முன்னுரை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் ஆகிய ஊர்களைக் கடந்ததும் சுங்குவார்சத்திரம் அமைந்துள்ளது. ‘சத்திரம்’ என்னும் ஈறு வழிப்போக்கர் தங்கிச் சென்ற இடத்தைச் சுட்டுவது. பயணிகள் இளைப்பாறிய நெடுஞ்சாலை ஊர் இன்று மின்னணுப் பொருள்களும் வாகன உதிரிகளும் இரவு பகலாக உருவாகும் தொழில்வட்டாரத்தின் நடுப்பகுதியாக மாறியுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. சுங்குவார்சத்திரத்தில் 2007இல் சாம்சங் ஆலை எழுந்தது. தெற்கே ஒரகடத்தில் 2010 மார்ச்சில் ரெனோ – நிசான் கூட்டு ஆலை திறக்கப்பட்டது.

இவ்வட்டாரத்தின் வரலாற்றை நிலம், நீர், உழைப்பு, ஊதியம் ஆகிய நோக்குகளில் ஆராய்வது இயல்பு. ஆயினும் இவ்வாலைகள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத மற்றொரு கட்டமைப்பையும் சார்ந்துள்ளன. அது கணினி வலை. பெரிய ஆலை ஒன்று எந்த வகை இருக்கையை, எந்த நிறக் கதவை, எந்த மணிநேரத்தில் கேட்கிறது என்னும் செய்தி வலை வழியே உதிரி வழங்கும் சிறு பட்டறைக்குச் செல்கிறது. அச்செய்தி நின்றால் பட்டறையின் வண்டி புறப்படாது. வண்டி வராவிடில் ஆலையின் வரிசை நகராது. எனவே வலைப் போக்குவரத்தைத் தடுக்கும் நிரல் எது என்று காலத்தே அறிவது இங்கு பொருளியல் சிக்கலாகவும் உழைப்பாளர்தம் அன்றாடச் சிக்கலாகவும் ஆகிறது.

சொல்லும் பொருளும்

‘புழு’ என்னும் சொல் கணினித் துறைக்குப் புனைகதையிலிருந்து வந்தது. ஜான் பிரன்னர் 1975இல் வெளியிட்ட ‘தி ஷாக்வேவ் ரைடர்’ என்னும் நாவலில் வலையில் தானே பெருகும் நிரல் ஒன்று இடம்பெறுகிறது. அப்பெயரை எடுத்துக்கொண்ட ஜான் ஷோச், ஜான் ஹப் ஆகியோர் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பல கணினிகளுக்குப் பணியைப் பகிர்ந்தளிக்கும் நிரல்களை உருவாக்கி, 1982இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கருதிய புழு தீங்கற்றது, பயனுடையது. ஆயினும் இரவில் இயங்கவிட்டுச் சென்ற அந்நிரல் பிறழ்ந்து, மறுநாள் காலையில் பல கணினிகள் செயலிழந்து கிடந்ததை அவர்களே பதிவு செய்துள்ளனர். தீய நோக்கமின்றியே ஒரு நிரல் வலையை முடக்கக்கூடும் என்பதற்கு இதுவே முதற்சான்று எனலாம்.

தமிழில் வைரஸுக்கு ‘நச்சுநிரல்’ என்னும் சொல்லும், தீங்கு பயக்கும் நிரல்கள் அனைத்துக்கும் பொதுவாகத் ‘தீநிரல்’ என்னும் சொல்லும் வழங்குகின்றன. நச்சுநிரல் வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவுவது. புழு எதனையும் சாராது வலை வழியே தானே நகர்வது. இந்தியச் சட்டமும் இவ்வேறுபாடுகளை ஓரளவு கருத்திற் கொண்டுள்ளது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, தீநிரலைப் புகுத்துதல், கணினி வலையைச் சீர்குலைத்தல், உரிமையுடையவர்க்கு அணுக்கத்தை மறுத்தல் ஆகியவற்றைத் தனித்தனி உட்பிரிவுகளாக வரையறுக்கிறது. வலைத்தடை தீநிரல் புகுந்ததன் விளைவாக இருக்கலாம். தனித்த ஒரு செயலாகவும் இருக்கலாம் என்னும் புரிதல் அப்பகுப்பில் அடங்கியுள்ளது.

வரலாற்று நோக்கில் வலைப் போக்குவரத்துத் தடையை மூவகைப்படுத்தலாம். வலையை வெற்றுப் போக்குவரத்தால் நிரப்பித் தடுத்தல் ஒன்று. குறிப்பிட்ட இடங்களுக்குச் செல்லும் வழியை மட்டும் மறைத்துத் தடுத்தல் மற்றொன்று. காப்பின் பொருட்டு நிர்வாகமே தடுத்தல் மூன்றாவது. இம்மூன்றும் பயனரின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இனங்காணும் முறைகளின் வரலாறு இவற்றைப் பிரித்தறியக் கற்றுக்கொண்ட வரலாறே ஆகும்.

நிரப்பித் தடுத்தல்: 1988 முதல் 2005 வரை

1988 நவம்பர் 2ஆம் நாள் மாலை, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிசு எழுதிய புழு இணையத்தில் விடப்பட்டது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் அஞ்சல் நிரலிலும் ‘ஃபிங்கர்’ சேவையிலும் இருந்த குறைகளை அது பயன்படுத்திக்கொண்டது. ஏற்கெனவே புழு குடியேறிய கணினியில் மீண்டும் குடியேறாதிருக்க அது சோதித்துப் பார்த்தது. ஆனால் ஏழில் ஒருமுறை அச்சோதனையின் விடையைப் பொருட்படுத்தாது குடியேறுமாறும் எழுதப்பட்டிருந்தது. அதனால் ஒரே கணினியில் பல படிகள் இயங்கி அதனை முடக்கின. ஏறத்தாழ 6000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது அக்காலத்து மதிப்பீடு.

இந்நிகழ்வில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, புழு தன் இருப்பை அறிவித்தது திருட்டினாலன்று, சுமையினால். கணினி மந்தமானதைக் கண்டே நிர்வாகிகள் ஐயுற்றனர். இரண்டாவது, மாரிசின் நண்பர் ஒருவர் தம் பெயரைக் குறிப்பிடாமல் அன்று பின்னிரவிலேயே தடுப்பு வழியை மின்னஞ்சலில் அனுப்பினார். வழியில் இருந்த அஞ்சல் நுழைவாயில்கள் முடங்கியும் துண்டிக்கப்பட்டும் இருந்தமையால் அம்மடல் உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடையவில்லை. நோய் சென்ற பாதையிலேயே மருந்தும் செல்ல வேண்டியிருந்தது. பாதை அடைபட்டபோது மருந்தும் நின்றது. இந்நிலை பிற்காலத்தில் வெவ்வேறு வடிவங்களில் மீண்டும் மீண்டும் தோன்றியது. இந்நிகழ்வையடுத்தே அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி நெருக்கடி மறுவினைக் குழு நிறுவப்பட்டது. இந்தியாவில் இத்தகைய தேசிய அமைப்பான செர்ட்-இன் 2004 சனவரியில் செயற்படத் தொடங்கியது.

நிரப்பித் தடுத்தலின் உச்சம் 2003 சனவரி 25ஆம் நாள் பரவிய சிலாமர் புழு. அதன் நிரல் 376 பைட்டுகளே. யு.டி.பி. நெறிமுறையின் 1434ஆம் போர்ட்டுக்கு ஒரே பொட்டலமாக அது சென்றது. விடைக்குக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமையால் வலையின் அகலம் முழுவதையும் அது விழுங்கியது. தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டித்து, பத்து நிமிடங்களுக்குள் குறையுடைய கணினிகளில் 90 சதவீதத்தை எட்டியது. அக்குறைக்கான பாதுகாப்புத் திருத்தம் 2002 சூலையிலேயே வெளியாகியிருந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. சிலாமர் வட்டில் எதனையும் எழுதவில்லை. நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. ஆகவே கோப்புகளைத் தேடும் முறை அதற்குப் பயன்படவில்லை. அதனைக் காட்டிக்கொடுத்தது போக்குவரத்தின் வடிவமே.

அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு பரவியது. அதனைத் தொடர்ந்து வந்த வெல்சியா புழு, பிளாஸ்டரை நீக்கித் திருத்தத்தை நிறுவ முயன்றது. ‘நல்ல புழு’ என்று கருதத்தக்க அந்நிரல், அடுத்த கணினியைத் தேடி அனுப்பிய வினவல்களால் வலைகளை நெரித்தது. மருந்தாக வந்ததே அடைப்பாகவும் ஆயிற்று. ஒரு நிரலின் நோக்கத்தைக் கொண்டு அதன் தீங்கை அளவிட இயலாது என்பதை வெல்சியா உறுதிப்படுத்தியது.

இச்சிக்கல் மகிழுந்துத் தொழிலை நேரடியாகத் தாக்கியதற்கு முந்தைய சான்று 2005இல் கிடைக்கிறது. ஆகஸ்டு 9ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்ட குறையைப் பயன்படுத்தி ஐந்தே நாள்களில் சோடாப் புழு தோன்றியது. 16ஆம் நாள் அமெரிக்காவில் டெய்ம்லர்-கிரைஸ்லர் நிறுவனத்தின் 13 ஆலைகள் ஒரு மணி நேரத்திற்கு உட்பட்ட அளவில் நின்றன. ஏறத்தாழ 50,000 தொழிலாளர்கள் வேலையின்றி நிற்க நேர்ந்தது.

மறைத்துத் தடுத்தல்: கான்ஃபிக்கரும் அதன் பின்னும்

2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் வேறு வகையினது. அது வலையை நெரிப்பதைக் காட்டிலும் தேர்ந்தெடுத்துத் தடுத்தது. தளப்பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் டி.என்.எஸ். செயற்கூறுகளை நினைவகத்திலேயே திருத்தி, நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் பெயர்களும் மைக்ரோசாஃப்டின் பெயரும் இடம்பெறும் தளங்களை மட்டும் பயனர் அணுகாதவாறு செய்தது. தானியங்கிப் புதுப்பித்தல் சேவையையும் நிறுத்தியது. செய்தித்தளம் திறக்கும்; மின்னஞ்சல் வரும்; மருந்து கிடைக்கும் கடைகள் மட்டும் பூட்டியிருக்கும். பயனருக்கு வலையில் குறை இருப்பதாகவே தோன்றாது.

இத்தடையையே சான்றாக மாற்றியதில்தான் இனங்காணலின் நுட்பம் வெளிப்பட்டது. பாதுகாப்பு ஆய்வாளர் ஜோ ஸ்டூவர்ட் 2009இல் ‘கண் பரிசோதனை அட்டை’ என்னும் பெயருடைய எளிய சோதனையை அமைத்தார். ஒரு திரையில் மேல்வரிசையில் பாதுகாப்பு நிறுவனங்களின் சின்னங்களும், கீழ்வரிசையில் கான்ஃபிக்கர் தடுக்காத திறமூல இயங்குதளங்களின் சின்னங்களும் அவ்வவற்றின் தளங்களிலிருந்தே வரவழைக்கப்பட்டன. இரு வரிசைகளும் தெரிந்தால் கணினி தூயது. கீழ்வரிசை தெரிந்து மேல்வரிசை மறைந்தால் கான்ஃபிக்கர் ஐயத்திற்குரியது. இரண்டும் மறைந்தால் வலை இணைப்பிலோ உலாவியின் அமைப்பிலோ குறை.

இச்சோதனையின் அடிப்படை ஒப்பீடு ஆகும். தடைபட்ட ஒன்றை மட்டும் பார்ப்பதால் ஒன்றும் விளங்காது. தடைபடாத ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கும்போதே காரணம் புலப்படும். ஆயினும் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. பிராக்சி வழங்கியின் பின்னால் உள்ள கணினிக்காகத் தளப்பெயரை வழங்கியே தேடித் தருவதால், நோயுற்ற கணினியிலும் இரு வரிசைகளும் தெரிந்துவிடும். அலுவலகங்களும் ஆலைகளும் பெரும்பாலும் அத்தகைய வழங்கிகளின் பின்னாலேயே இயங்குவன என்பதால், வீட்டுக் கணினிக்குப் பொருந்திய சோதனை தொழிலகத்திற்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அக்குறையை ஹனிநெட் திட்டத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் லேடர், டில்மன் வெர்னர் ஆகியோர் 2009 மார்ச் இறுதியில் நிறைவு செய்தனர். கான்ஃபிக்கர் தான் நுழைந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். அவ்வாறு அடைத்த கணினி தரும் விடை, மைக்ரோசாஃப்டின் திருத்தத்தால் அடைக்கப்பட்ட கணினி தரும் விடையிலிருந்து சிறிது மாறுபடுவதை அவர்கள் கண்டறிந்தனர். அதனால் கணினியைத் தொடாமலே, வலையின் மறுமுனையிலிருந்து வினவி நோயை அறிய முடிந்தது.

2011 நவம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு முடக்கிய டி.என்.எஸ். சேஞ்சர் தீநிரலும் இவ்வகையினதே. அது கணினியின் தளப்பெயர் வினவல்களைத் தன் வழங்கிகளுக்குத் திருப்பியது. குற்றவாளிகளின் வழங்கிகளை உடனே நிறுத்தினால் நோயுற்ற கணினிகள் யாவும் இணையத்தை இழக்கும் என்பதால், நீதிமன்ற ஆணையின்படி மாற்று வழங்கிகள் 2012 சூலை 9 வரை இயக்கப்பட்டன. தீநிரலை அகற்றுவதே வலைத்தடையாக முடியும் நிலையை அதிகாரிகள் இங்கு முன்கூட்டியே கருதினர்.

நடத்தை கொண்டு இனங்காணல்

நிரலின் வரிகளை ஒப்பிட்டு அடையாளம் காணும் முறை, அறியப்பட்ட தீநிரலுக்கே பயன்படும். அறியப்படாததை அதன் நடத்தை கொண்டே இனங்காண வேண்டும். இக்கருத்துக்கு டோரத்தி டென்னிங் 1987இல் வெளியிட்ட ஊடுருவல் கண்டறியும் மாதிரி அடித்தளமிட்டது. இயல்பான நடத்தையைப் பதிவு செய்து, அதிலிருந்து விலகுவதை ஐயுறுதல் அதன் சாரம்.

2002இல் பிரிஸ்டலில் உள்ள ஹியூலெட்-பேக்கர்டு ஆய்வகத்தைச் சேர்ந்த மேத்யூ வில்லியம்சன் எளிய உண்மை ஒன்றை முறையாக்கினார். இயல்பான கணினி புதிய முகவரிகளை அரிதாகவே நாடும். புழுவோ நொடிதோறும் பல புதிய முகவரிகளை நாடும். எனவே புதிய முகவரிகளுக்குச் செல்லும் இணைப்புகளை மட்டும் மெதுவாக்கினால் பயனருக்குத் தொல்லையின்றிப் புழு தேங்கும். தேங்கிய வரிசையின் நீளமே புழுவைக் காட்டிக்கொடுக்கும். 2004இல் ஜேயன் ஜங், வெர்ன் பேக்சன், ஆர்தர் பெர்கர், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் முதன்முறை நாடும் இணைப்புகளுள் எத்தனை வெற்றி பெறுகின்றன, எத்தனை தோற்கின்றன என்னும் விகிதத்தைக் கொண்டு துருவும் கணினியை விரைந்து அறியும் முறையை முன்வைத்தனர். இவர்களுள் ஹரி பாலகிருஷ்ணன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1993இல் இளநிலைப் பட்டம் பெற்றவர்.

இம்முறைகள் அலுவலகத்தைவிட ஆலைக்கு மிகவும் பொருந்துவன. அலுவலகக் கணினியின் பயனர் இன்று எந்தத் தளத்தை நாடுவார் என்று கூறவியலாது. ஆலையில் பற்றவைக்கும் எந்திரனை இயக்கும் கணினியோ அதே இரண்டு மூன்று முகவரிகளுடன் ஆண்டுக்கணக்கில் உரையாடுவது. அது திடீரென நூறு முகவரிகளின் 445ஆம் போர்ட்டைத் தட்டினால் அதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை. ஆலைக் கணினிகள் பழைய இயங்குதளங்களில் நிற்பதும், எந்திர உற்பத்தியாளரின் ஒப்புதலின்றித் திருத்தங்களை நிறுவ இயலாதிருப்பதும் அவற்றின் வலுவின்மை. மாறாத நடத்தை அவற்றின் வலிமை.

ஒரகடம், 2017 மே

2017 மார்ச் 14ஆம் நாள் விண்டோஸ் இயங்குதளத்தின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்.எம்.பி.யில் இருந்த குறைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14ஆம் நாள் ஷேடோ புரோக்கர்ஸ் என்னும் குழு அக்குறையைப் பயன்படுத்தும் ‘எடர்னல்புளூ’ கருவியைப் பொதுவெளியில் விட்டது. மே 12ஆம் நாள் வெள்ளிக்கிழமை, அக்கருவியைச் சுமந்த வான்னாக்ரை பரவத் தொடங்கியது. அது புழுவும் பணயத் தீநிரலும் இணைந்தது. கோப்புகளைப் பூட்டி 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கோரியது. அதேவேளை 445ஆம் போர்ட் வழியே அடுத்த கணினியைத் தேடியது. 150 நாடுகளில் 2,00,000க்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டதாக யூரோபோல் மதிப்பிட்டது.

ரெனோ நிறுவனம் பிரான்சில் சாண்டுவில் உள்ளிட்ட ஆலைகளில் உற்பத்தியை நிறுத்தியது. பரவலைத் தடுக்கும் காப்பு நடவடிக்கைகளின் பகுதியாகவே நிறுத்தியதாக அந்நிறுவனம் தெரிவித்தது. ருமேனியாவின் டாசியா ஆலை, சுலோவீனியாவின் நோவோ மெஸ்டோ ஆலை, இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் உள்ள நிசான் ஆலை ஆகியனவும் பாதிக்கப்பட்டன. மே 13ஆம் நாள் வெளியான செய்திகளில் சென்னையை அடுத்த ஒரகடத்தின் ரெனோ – நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் கணினிகளிலும், கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களிலும் இத்தீநிரல் காணப்பட்டது. செர்ட்-இன் திருத்தத்தை நிறுவுமாறும் எஸ்.எம்.பி. போர்ட்டுகளைத் தடுக்குமாறும் அறிவுறுத்தியது.

தென்னமெரிக்காவிலிருந்து கிழக்காசியா வரை பரவிய இந்நிகழ்வு காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையை எட்டியதற்குப் புவியியல் காரணம் இல்லை. நிறுவனக் கட்டமைப்பே காரணம். பிரான்சிலும் சப்பானிலும் இங்கிலாந்திலும் ஒரகடத்திலும் ஒரே கூட்டணியின் ஆலைகள் அப்போது இயங்கின. தொழில்வட்டாரம் உலகச் சந்தையோடு இணைந்தபோதே உலகின் தீநிரல்களோடும் இணைந்துவிட்டது.

பாதிப்பு அத்துடன் நிற்கவில்லை. சப்பானின் சாயாமாவில் ஹோண்டாவின் ஆலை ஐந்து வாரங்கள் கழித்து, சூன் 19ஆம் நாள் வான்னாக்ரையால் ஒரு நாள் நின்றது. 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சில்லு ஆலைகளில், புதிதாக நிறுவிய கருவியைச் சோதிக்காமல் வலையில் இணைத்தமையால் அதன் மாறுவடிவம் பரவியது. தீநிரல் இணையத்திலிருந்தே வரும் என்னும் எண்ணத்தை இந்நிகழ்வு தகர்த்தது. ஆலைக்குள் வரும் ஒவ்வொரு புதிய எந்திரமும் ஒரு நுழைவாயிலே.

காப்பே தடையானது

வான்னாக்ரையின் வரலாற்றில் மிகவும் கருதத்தக்க பகுதி அதன் நிறுத்துவிசை. கணினியில் இயங்கத் தொடங்கியவுடன் அது பொருளற்ற எழுத்துகளாலான நீண்ட தளப்பெயர் ஒன்றை நாடும். அத்தளம் விடையளித்தால் தீநிரல் தானே நின்றுவிடும். விடையளிக்காவிடில் செயலில் இறங்கும். மே 12ஆம் நாளே இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் அப்பெயரைத் தம் கணக்கில் பதிவு செய்தார். அதன்பின் அப்பெயரை எட்டமுடிந்த கணினிகளில் வான்னாக்ரை செயலற்றது.

ஆனால் எட்ட முடியாத கணினிகள் இருந்தன. வான்னாக்ரை பிராக்சி வழங்கியின் வழியே தளத்தை நாடும் திறனற்றது. நேரடியாக மட்டுமே நாடும். எனவே வெளி இணையத்திற்கு நேரடி வழியை அடைத்திருந்த, அதாவது நல்ல காப்புடையதாகக் கருதப்பட்ட வலைகளில் நிறுத்துவிசை பயன்படவில்லை. அறிமுகமற்ற அத்தளப்பெயரை ஐயத்திற்குரியதெனக் கருதித் தீயரணில் தடுத்த நிர்வாகிகள் தம்மை அறியாமலே தீநிரலுக்கு உதவினர். ஆகவே இங்கிலாந்தின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் அத்தளப்பெயரைத் தடுக்க வேண்டாம் என்றும், தேவையெனில் உள்வலையிலேயே அதற்கு விடையளிக்கும் பதிவை ஏற்படுத்துமாறும் அறிவுறுத்தியது.

இதனை முன்னைய நிகழ்வுகளோடு இணைத்து நோக்கினால் ஒரு வளர்ச்சி புலனாகிறது. 1988இல் புழுவின் நெரிசலால் மருந்து தாமதமாயிற்று. 2003இல் மருந்தே நெரிசலாயிற்று. 2008இல் நோய் மருந்தின் வழியைத் தேர்ந்து மறைத்தது. 2017இல் காப்பு அரணே மருந்தை வெளியே நிறுத்தியது. துண்டித்தல் எப்போதும் காப்பன்று; இணைத்தல் எப்போதும் இடரன்று.

இதற்கு மறுதலையான சான்றும் அதே ஆண்டில் கிடைக்கிறது. 2017 சூன் 27ஆம் நாள் பரவிய நாட்பெட்யா தீநிரல் மெர்ஸ்க் கப்பல் குழுமத்தை முடக்கியது. நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் இயக்கிய முனையமும் நின்றது. உலகெங்கும் இருந்த அதன் அடிப்படை அடையாள வழங்கிகள் யாவும் அழிந்தபோது, கானாவில் மின்தடையால் வலையிலிருந்து விலகியிருந்த ஒன்று மட்டும் தப்பியது. மின்தடை அங்கே காப்பாயிற்று. ஒரே செயல் ஒரு தீநிரலின்முன் காப்பாகவும் மற்றொன்றின்முன் கேடாகவும் அமைவதால், எதை எதிர்கொள்கிறோம் என்று இனங்காணாமல் துண்டிப்பது நற்பேற்றை நம்புவதாகவே முடியும்.

நிறுவனங்களும் பொறுப்பும்

தமிழ்நாட்டின் மற்றொரு நிகழ்வு இங்கு ஒப்பிடத்தக்கது. 2019 செப்டம்பர் 4ஆம் நாள் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதை செர்ட்-இன் இந்திய அணுமின் கழகத்திற்குத் தெரிவித்தது. அக்டோபர் 29ஆம் நாள் நிலைய அலுவலர் தாக்குதல் நிகழவில்லை என மறுத்தார்; மறுநாள் தீநிரல் காணப்பட்டது உண்மையே எனக் கழகம் அறிவித்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்கான இணையத் தொடர்புடைய கணினி என்றும், முதன்மை உள்வலை அதனிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்றும் அது விளக்கியது. இரு வலைகளையும் பிரித்தது பயன் தந்தது. ஆயினும் அறிந்ததற்கும் அறிவித்ததற்கும் இடையே எட்டு வாரங்கள் கழிந்தன.

இந்தியச் சட்டநிலை அதன்பின் மாறியது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் நாள் பிறப்பித்த ஆணை, இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், நிகழ்வுப் பதிவுகளை 180 நாள்கள் பேண வேண்டும் என்றும், கணினிகளின் கடிகாரங்களை ஒருங்கிசைக்க வேண்டும் என்றும் விதித்தது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதே ஆண்டு செப்டம்பர் 25 வரை காலநீட்டிப்பு வழங்கப்பட்டது.

இவ்விதிகளுள் கடிகார ஒருங்கிசைவு சிறியதாகத் தோன்றினும் வரலாற்று நோக்கில் முதன்மையானது. எந்தக் கணினி முதலில் நோயுற்றது, தடை தீநிரலுக்கு முன்னரா பின்னரா ஏற்பட்டது என்பதை நேர வரிசையே உறுதி செய்யும். நேரம் பிறழ்ந்த பதிவு காலக்குறிப்பற்ற கல்வெட்டைப் போன்றது. செய்தி இருக்கும், வரிசை இராது.

தொழில்வட்டாரத்திற்கான பொருத்தம்

ஒரகடம் – சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் பன்னாட்டு ஆலைகளைச் சுற்றி உதிரி வழங்கும் சிறு தொழிலகங்கள் சூழ்ந்துள்ளன. பெரிய ஆலைக்குத் தனிப் பாதுகாப்புப் பிரிவு இருக்கும். இருபது பேர் பணிபுரியும் அச்சுவார்ப்புப் பட்டறையில் கணக்கெழுதும் கணினியே கொள்முதல் ஆணையைப் பெறும் கணினியாகவும் இருக்கும். அதன் வலை நின்றால், தீநிரலா, தீயரணா, இணைய நிறுவனத்தின் பழுதா, வாடிக்கையாளரான ஆலையே முன்னெச்சரிக்கையாகத் துண்டித்ததா என்று அறியும் பொறுப்பு அங்குள்ளவர்மேல் விழுகிறது.

வரலாறு அவர்களுக்குத் தரும் வழிமுறை சிக்கலானதன்று. முதலாவது, ஒப்பீடு: எது நின்றது என்பதோடு எது நிற்கவில்லை என்பதையும் நோக்குதல். பாதுகாப்புத் தளங்கள் மட்டும் திறக்காவிடில் கான்ஃபிக்கர் வகையை ஐயுறலாம். யாவும் மந்தமானால் நிரப்பும் வகையை ஐயுறலாம். ஒரு வாடிக்கையாளரின் வழங்கி மட்டும் விடையளிக்காவிடில் தடை மறுமுனையில் இருக்கலாம். இரண்டாவது, இரண்டாம் சாட்சி: நோயுற்றதாகக் கருதப்படும் கணினியின் சொல்லை அக்கணினியைக் கொண்டே சோதிக்காமல், வேறொரு கணினியிலிருந்தோ வலைக்கருவியின் பதிவிலிருந்தோ சரிபார்த்தல். மூன்றாவது, முன்பதிவு: இயல்பான நாளில் எந்தக் கணினி எதனுடன் உரையாடுகிறது என்னும் பட்டியலை முன்பே எழுதி வைத்தல். இயல்பு தெரியாத இடத்தில் விலகலும் தெரியாது. நான்காவது, துண்டிப்பதற்கு முன் எதைத் துண்டிக்கிறோம் என்று வரையறுத்தல்: கணினிகளுக்கு இடையேயான 445ஆம் போர்ட்டை அடைப்பதும் வெளி இணையத்தை முழுமையாக அடைப்பதும் ஒன்றல்ல. 2017இல் முன்னது பரவலைத் தடுத்தது. பின்னது நிறுத்துவிசையையும் தடுத்தது.

இவற்றின் பயன் ஆலையின் கணக்கில் மட்டும் அடங்குவதன்று. வரிசை நிற்கும் ஒவ்வொரு மணிநேரமும் பேருந்தில் வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளியின் பணிமுறையையும், உதிரி ஏற்றி நிற்கும் ஓட்டுநரின் நாளையும் தொடுகிறது. 2005இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 பேர் வேலையின்றி நின்ற நிகழ்வு இதற்குச் சான்று.

முடிவுரை

வலைப் போக்குவரத்தைத் தடுக்கும் நிரல்களை இனங்காணும் முறைகள், சுமையைக் கண்டு ஐயுறும் நிலையிலிருந்து, போக்குவரத்தின் வடிவத்தை அளக்கும் நிலைக்கும், தடைபட்டதையும் தடைபடாததையும் ஒப்பிடும் நிலைக்கும் வளர்ந்துள்ளன. தீநிரல், தீநிரலை அழிக்க வந்த நிரல், காப்பு அரண், முன்னெச்சரிக்கை ஆகிய நான்கும் பயனருக்கு ஒரே தடையாகத் தோன்றியதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒரகடம் ஆலையை 2017இல் எட்டிய வான்னாக்ரை, அவற்றைப் பிரித்தறியாத காப்பு தன்னையே அடைத்துக்கொள்ளும் என்பதைத் தெளிவுபடுத்தியது. திருத்தம் வெளியாகி 59 நாள்கள் கழித்தே அத்தீநிரல் பரவத் தொடங்கியது. ஆகவே குறையாக இருந்தது மருந்தன்று. எந்தக் கணினிக்கு அம்மருந்து தேவை என்னும் அறிவும், அதனை எடுத்துச் செல்லத் திறந்திருந்த வழியுமே ஆகும். பெரிய ஆலைகளும் சிறு பட்டறைகளும் ஒரே வலையைப் பகிரும் சுங்குவார்சத்திரம் போன்ற தொழில்வட்டாரங்களில், அவ்வறிவைப் பட்டறை வரை கொண்டுசெல்லும் பொறுப்பு ஆலைகளுக்கும் அரசு அமைப்புகளுக்கும், தொழில்நுட்பச் சொற்களைத் தமிழில் நிலைபெறச் செய்யும் கல்வி நிறுவனங்களுக்கும் உரியது.